குப்புறப் படு என்று எழுதியது தவறு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் உன்னோடு இருப்பவர்களும் கை கால் சுகத்தோடு இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் பார்த்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு சீராகும். வழக்கமாக இதற்கு அடுத்தபடி, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, கம்பளிச் சட்டையை வெயிலில் போட்டாயா என்று கேட்பேன். இன்று அதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு முதலில் ஒன்றைச் சொல்கிறேன். போன கடிதத்தில், எந்தக் கொடிய விலங்கு எதிர்ப்பட்டாலும் உடனே குப்புறப் படுத்துவிடு என்று எழுதியிருந்தோம். அது தவறு. சிறுத்தைக்கு முன்னால் படுக்கவே கூடாது. உட்காரக் கூடாது, குனியக் கூடாது, முதுகைக் காட்டி ஓடக் கூடாது. அதைப் பார்த்தபடி நிமிர்ந்து நிற்க வேண்டும். இதைப் படித்ததும் காகிதத்தை மடித்துவிட்டு எழுந்து போய், சனிக்கிழமை உன்னோடு மலை ஏறப் போகிற தோழிகள், ஒட்டகத்திடமும் கண்ணாடிக்காரியிடமும் சொல்லிவிட்டு வா. அவர்கள் குளித்துக்கொண்டிருந்தாலும் சரி, கதவைத் தட்டிச் சொல். மீதியைப் பிறகு படிக்கலாம்.

போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டாய் என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். தையல் மெஷின் ஊசி ஏறிய விரல் இன்னும் மடங்கவில்லை, அதனால் போன தடவைபோலவே நான் சொல்லச் சொல்லச் சின்னவள்தான் எழுதுகிறாள். நேற்று திங்கட்கிழமை சாமான் வண்டியில் உன் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் மத்தியானம் கஞ்சி போட்ட படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது அப்பா கொண்டுவந்து கொடுத்தார். அங்கேயே விரிப்புக் குவியல் மேல் உட்கார்ந்து படித்தேன். மேல் ஏரிக்கு மூன்று பேராகப் போகிறோம், இரண்டு ராத்திரி கூடாரத்தில் தங்கல், திங்கட்கிழமை மத்தியானம் இறங்கிவிடுவோம் என்று எழுதியிருந்தாய். அம்மா சொன்னபடியே எல்லாருக்கும் பயிற்சி கொடுத்துவிட்டேன், வானிலை நிலையத்து முற்றத்தில் நான் கை தட்டியதும் மூன்று பேரும் தொப்பென்று குப்புற விழுகிறோம், நெட்டையாக இருப்பதால் ஒட்டகம் விழுந்து முடிக்கவே நேரமாகிறது, கடைசித் தடவை எறும்புப் புற்றின் மேல் விழுந்துவிட்டாள் என்று எழுதியிருந்ததைப் படித்து நான் சத்தமாகச் சிரித்தேன். இஸ்திரி போடுகிற அக்கா என்ன என்று கேட்க, அவளுக்கும் படித்துக் காட்டினேன். அதற்கு அடுத்த வரியில், ஏரிக்குப் போகும் வழியில் சிறுத்தை நடமாட்டம் இருக்கிறதாம், காலடி பார்த்ததாகப் பால்காரர் சொன்னார், ஆனால் நாங்கள்தான் பயிற்சி எடுத்துவிட்டோமே என்று நீ எழுதியிருந்தாய். அதையும்தான் படித்தேன். படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். கரடி அடித்த கணக்கு வாத்தியாரைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதியிருந்தேனே, அவருடைய முதுகுப்பை இத்தனை நாளும் எங்கள் பிரிவிலேயே ஒரு மூட்டையில் கிடந்தது. அதை வாங்கிப்போக வனத்துறைக் காவலர் ஒருவர் வந்தார். வெயிலில் காய்ந்த மெலிந்த மனிதர், உட்காரச் சொன்னாலும் உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றார். பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கப் பையிலதான் கடலை வெச்சிருந்தாரு, அதான் மொதல்ல இங்க கிழிச்சிருக்கு என்று விரலை விட்டுக் காட்டினார். கித்தான் துணி, நான் ஊசி ஏற்றவே இரண்டு கையால் தள்ள வேண்டிய துணி, வாழைநார்போல ஐந்து கோடாகக் கிழிந்திருந்தது. எனக்குப் பேச்சு கொடுக்காமல் இருக்க முடியவில்லை. என் பெண்ணும் மலையில்தான் இருக்கிறாள், வானிலை நிலையத்தில் வேலை, நான் எழுதியதைப் படித்து மூன்று பேரும் விழுந்து படுக்கப் பழகியிருக்கிறார்கள் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். நல்லதும்மா, கரடி மேல விழுந்துட்டா அதுதான் வழி என்றார் அவர். எந்தப் பக்கம் போறாங்க என்று கேட்டார். மேல் ஏரி என்றேன். சாய்ந்திருந்தவர் நிமிர்ந்துவிட்டார். அங்க சிறுத்தையில்ல இருக்கு, சிறுத்தையப் பாத்ததும் படுக்கப் போறாங்களா, யாரும்மா அப்பிடிச் சொன்னது என்று கேட்டார். கரடிக்குத்தான் சொன்னேன் என்றேன். அப்ப சரி, சிறுத்தை முன்னால படுத்தா இலை போட்டுச் சாப்பாடு வெச்ச மாதிரி என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உன் கடிதத்தில் இருந்த வரி ஞாபகத்துக்கு வந்தது. சிறுத்தை இருக்கிறதாம், ஆனால் பயிற்சி எடுத்துவிட்டோமே என்ற வரி. இன்றைக்கும் இடுப்பிலேயே செருகி வைத்திருந்த கடிதத்தை எடுத்து அவரிடமே கொடுத்தேன். அவர் அதைப் படித்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, உக்காருங்கம்மா, நான் சொல்றதக் கவனமாக் கேளுங்க என்றார். அவர் உட்கார்ந்ததும் அப்போதுதான்.

மேற்பார்வையாளரிடம் அரைநாள் விடுப்பு கேட்டேன். அவருக்கு நான் விடுப்பு கேட்டே பழக்கமில்லை, யாருக்கு என்ன என்று பதறினார். வீட்டுக்கு வந்தபோது பரீட்சைக்கான விடுமுறை என்று சின்னவள் ஜன்னல் ஓரம் படித்துக்கொண்டிருந்தாள். நம் வீட்டில் இருந்து போகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் அவள் ஒரு நோட்டில் பிரதி எழுதி வைக்கிறாள் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். அதை எடுத்து வாசிக்கச் சொன்னேன். கரடி என்று நான் சொன்ன இடத்தில் எந்தக் கொடிய விலங்கு எதிர்ப்பட்டாலும் என்று இருந்தது. ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டேன். கட்டுரை நோட்டில் டீச்சர் அவளுக்கு மூன்று மதிப்பெண் குறைத்தாராம். உதாரணத்தோடு நிறுத்தக் கூடாது, அதிலிருந்து எல்லாருக்கும் பொருந்துகிற உண்மையை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தாராம். அம்மா கரடியோட நிறுத்திட்டீங்க, அதான் நான் பொதுவா முடிச்சேன் என்றாள். நான் அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. உன் கடிதத்தை அவள் கையில் கொடுத்தேன், அவ்வளவுதான். அதைப் படித்தாள். செருப்புகூடப் போடாமல் நூலகத்துக்கு ஓடினாள், விலங்குகளைப் பற்றிய மூன்று புத்தகங்களோடு வந்தாள். மத்தியானம் தட்டில் வைத்தது அப்படியே இருக்கிறது. நீ அவளைக் கோபித்துக்கொள்ளாதே. எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் உறையை ஒட்டச் சொன்னவள் நான். அவள் சேர்த்த வரிக்கு அம்மா சொன்னது என்ற மதிப்பு வந்தது என் பெயரால்தானே. இந்தக் கடிதத்தில் ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்குகிறாள்.

இனிக் காவலர் சொன்னதைச் சொல்கிறேன், அவர் சொன்ன வரிசையிலேயே. சிறுத்தை கண்ணில் பட்டால் இருக்கிற இடத்தில் நிற்க வேண்டும். மூன்று பேரும் தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும், ஒருத்தி பின்னால் ஒளியக் கூடாது. அதன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. மேல்சட்டையின் பித்தானைக் கழற்றி இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்து, கையைத் தூக்கி, உடம்பைப் பெரிதாகக் காட்டி, தொண்டை கிழியக் கத்த வேண்டும். குனிஞ்சு கல்லு பொறுக்காதீங்க, குனிஞ்ச மனுஷன் அதுக்கு நாலு கால் பிராணியாத் தெரியும் என்றார். அதனால் கையில் எப்போதும் தடி இருக்கட்டும், சட்டைப் பையில் நாலைந்து கல் இருக்கட்டும். அது நகரும்வரை பொறுத்து, முகம் அதன் பக்கம் இருக்க, அடி அடியாகப் பின்னால் போக வேண்டும். ஓடினால் அது துரத்தும், துரத்துவது அதற்கு யோசனை இல்லாமலே வரும். மேலே பாய்ந்தேவிட்டால் எதிர்த்து அடிக்க வேண்டும், கண்ணிலும் மூக்கிலும், தடியோ கல்லோ தண்ணீர்ப் புட்டியோ கையில் எது இருக்கிறதோ அதால். நீ சின்ன வயதில் கரப்பான்பூச்சிக்கே நாற்காலி மேல் ஏறுகிறவள். உன்னைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், அடி. ஓடையில் தண்ணீர் பிடிக்கக் குனியும்போதும் செருப்பு வாரைக் கட்ட உட்காரும்போதும் மற்ற இருவர் நின்று சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விடியற்காலையில் இருட்டோடு கிளம்புவதாக எழுதியிருந்தாய், வேண்டாம். அதுவும் பொழுது சாய்கிற நேரமும்தான் அவை நடமாடும் நேரம். வெயில் நன்றாக ஏறிய பிறகு புறப்பட்டு, வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் அடித்துவிடுங்கள்.

கரடி வேறு மாதிரி. அதைத் தூரத்தில் பார்த்தால் கத்தாதே, முறைக்காதே. தாழ்ந்த குரலில் ஏதாவது பேசிக்கொண்டே மெதுவாகப் பின்வாங்கி அதற்கு வழி விட வேண்டும். குட்டியைப் பார்த்தால் தாய் எங்கே என்று தேடிக்கொண்டு நிற்காதே, வந்த வழியே திரும்பு. மரத்தில் ஏறலாம் என்று நினைக்காதே, அது உன்னைவிட வேகமாக ஏறும். எதிரே ஓடி வந்தாலும் பல தடவை பாதியில் நின்று திரும்பிவிடுமாம். உண்மையாகவே உன் மேல் விழுந்த பிறகுதான் குப்புறப் படுப்பது. முதுகில் பை இருக்கட்டும், இரண்டு கையும் பிடரியை மூடட்டும், உன்னைப் புரட்ட முடியாதபடி கால்களை அகட்டிக்கொள். அது போய்விட்டது என்று தோன்றினாலும் உடனே எழாதே. ஆனால் கூடாரத்துக்குள் நுழைகிற கரடியும், சத்தமில்லாமல் உன் பின்னாலேயே வருகிற கரடியும் பசியோடு வருகிறது என்று அர்த்தம், அதன் முன்னால் படுக்காதே, அடி. சின்னவள் கொண்டுவந்த மூன்று புத்தகமும் இந்த இடத்தில் ஒன்றுபோலச் சொல்லவில்லை. கரடியிலேயே பல வகை இருக்கிறதாம், வகைக்கு வகை செய்ய வேண்டியது மாறுமாம். காவலரும் அதையேதான் சொன்னார், எங்க காடு எனக்குத் தெரியும், அந்தக் காடு அங்க இருக்கறவங்களுக்குத்தான் தெரியும், ஏறறதுக்கு முந்தி அங்க இருக்கற வனத்துறை ஆளக் கேக்கச் சொல்லுங்க என்றார். ஆகவே நாங்கள் எழுதியதோடு நிறுத்திக்கொள்ளாதே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்தக் கடிதம் வந்ததும் கீழே இருக்கிற சோதனைச் சாவடிக்கு ஒரு நடை போய், என்ன விலங்கு, எந்த இடம், என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவிட்டு வா.

கணக்கு வாத்தியாருக்கு நேற்று தையல் பிரித்தார்கள், இருபத்திரண்டு தையல். விரிப்பு மாற்றப் போனபோது பேசினார். அவருடைய கூட்டாளிகள் இருவரும் முன்னால் போய்விட்டார்களாம், இவர் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு பின்னால் தனியாக வந்தாராம். எதிர்க்காற்று, இவருடைய வாடை கரடிக்குப் போகவில்லை, கரடி புதரை உலுக்கிப் பழம் தின்கிற சத்தம் இவர் காதில் விழவில்லை. வளைவில் திரும்பியபோது இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கட்டில் அளவு தூரம்தானாம். நான் பயந்ததவிட அது அதிகமாப் பயந்துச்சு, அதனாலதான் அடிச்சுது என்று சொல்கிறார். பாவம், இப்போது தலையணை விழுந்தாலும் அவருக்கு உடம்பு தூக்கிப் போடுகிறது. தண்ணீர் கொண்டுவருகிற பெண் காலைத் தேய்த்து நடக்கிறவள், வாசலிலேயே நின்று, ஐயா நான்தான் வர்றேன் என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறாள். நீ அதைத்தான் காட்டில் செய்ய வேண்டும். புதர் அடர்ந்த இடத்திலும் வளைவிலும் ஓடைச் சத்தம் காதை அடைக்கிற இடத்திலும் உரக்கப் பேசிக்கொண்டே போங்கள், கை தட்டுங்கள், நீ குளியலறையில் பாடுவதுபோலப் பாடினால் எந்த விலங்கும் பக்கத்தில் வராது என்று அப்பா சொல்கிறார். காதில் எதையும் மாட்டாதே. யாரும் தனியாக முன்னாலோ பின்னாலோ போகக் கூடாது, ஒதுங்கப் போனாலும் ஒருத்தி துணைக்குப் போகட்டும். சமைப்பதும் தின்பதும் கூடாரத்தில் இருந்து நூறு அடிக்குக் குறையாமல் தள்ளி இருக்கட்டும், மிச்ச சாப்பாடு, பிஸ்கட், சோப்பு, பற்பசை எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டித் தூரத்து மரத்தில் உயரத் தொங்கவிடு. கூடாரத்துக்குள் ஒரு மிட்டாய்கூட வேண்டாம். தலையணைக்கு அடியில் தின்பண்டம் வைத்துத் தூங்குவது உனக்கு ஆறு வயதில் இருந்து பழக்கம், அதனால்தான் இதை இரண்டு தடவை சொல்கிறேன். உள்ளே ஒரு மிட்டாய்கூட வேண்டாம். நிலையத்து நாய் சோம்பேறியைக் கூட்டிப்போவதாக எழுதியிருந்தாய், அதுவும் வேண்டாம். கட்டாத நாய் முன்னால் ஓடிக் கரடியைக் குரைத்துக் கிளப்பிவிட்டு, பயந்துபோய் உன் காலடிக்கே ஓடி வரும், பின்னாலேயே கரடியும் வரும்.

இதுவரை எழுதியபோது அப்பா வந்துவிட்டார். மத்தியானம் நான் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதுமே, கடிதம் உன்னிடம் வந்து சேர நாளாகும் என்று வானிலைத் தலைமை அலுவலகத்துக்குக் கிளம்பிப் போனார். ஒரு மளிகைக் கடைப் பலகைக்குப் பாதி எழுத்து எழுதிக்கொண்டிருந்தவர், கையில் மஞ்சள் பெயிண்டோடு இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறார். தினமும் மூன்று வேளை உன் நிலையத்தோடு பேசுகிற அந்த வயர்லெஸ் அறையில் ஒரு குமாஸ்தா இருக்கிறாராம். இதுல மழை எவ்வளவு, காத்து எவ்வளவு, அதுமட்டுந்தான் போகும், குடும்ப விஷயம் போகாது என்றாராம். அவசரம் என்று அப்பா சொன்னதற்கு, யாராவது செத்துட்டாங்களா என்று கேட்டாராம். இன்னும் இல்ல, அதுக்குத்தான் இப்பவே வந்தேன் என்று சொன்னாராம் உன் அப்பா. அந்தக் குமாஸ்தா கொஞ்ச நேரம் அவர் கையில் இருந்த பெயிண்டையே பார்த்துவிட்டு, சரி எழுதிக் கொடுங்க என்று ஒரு சீட்டை நீட்டியிருக்கிறார். அப்பா சீட்டின் இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்தாராம். இவ்வளவு போகாது என்று அவர் அடித்து அடித்து, கடைசியில் வீட்டுக் கடிதம் படித்த பிறகு புறப்படவும் என்று ஐந்து சொல் மிஞ்சியிருக்கிறது. படுக்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சேத்துக்குங்க என்று அப்பா கெஞ்சியதற்கு, வேலை நேரத்துல பொண்ணு தூங்குதுன்னு நிலையத்துல நெனச்சுக்குவாங்க என்று சொல்லிவிட்டாராம். சீட்டை மேஜையில் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்தாராம். சாயங்காலம் மழைக் கணக்கு பேசும்போது அனுப்புகிறேன் என்றாராம். அனுப்பினாரா, அங்கே கேட்டவர் சரியாக எழுதிக்கொண்டாரா, உன்னிடம் சொன்னாரா, ஒன்றும் எங்களுக்குத் தெரியப்போவதில்லை. மலைப் பாதையில் மண் சரிந்து வெள்ளிக்கிழமை வண்டி வராமல் போனால் இந்தக் காகிதமும் வழியிலேயே நிற்கும். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நான் யோசிப்பதை நிறுத்திவிடுகிறேன், நிறுத்திய இடத்தில் உங்கள் முற்றம் வருகிறது, நீ கை தட்டுகிறாய், மூன்று பேரும் படுக்கிறீர்கள்.

வேறு செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மாடி வீட்டுக் குழந்தைக்கு இரண்டு பல் வந்திருக்கிறது, கதவுத் தாழ்ப்பாளைக் கடிக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் ஒழுகியதை அடைத்துவிட்டோம். அப்பாவுக்கு வனத்துறையில் பன்னிரண்டு எச்சரிக்கைப் பலகை எழுதுகிற வேலை வந்தது உனக்குத் தெரியும். அந்தக் காவலரிடம் என் வீட்டுக்காரர் எழுதியதுதான் என்று சொன்னேன். எழுத்து நல்லாருக்கும்மா, ஆனா அதுல வரைஞ்சிருக்கற சிறுத்தையப் பாத்தா கிண்ணத்துல பால் ஊத்தத்தான் தோணுது என்றார். அப்பாவிடம் இதைச் சொன்னபோது சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எல்லாத்தையும் திரும்ப எழுதித் தரேன், காசு வேணாம் என்று சொல்லிவிட்டுப் போய்த் தூரிகையைக் கழுவினார்.

நான் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி முடிப்பதாக இருந்தேன். போகாதே என்று ஒரே வரி, அதற்குக் கீழே என் மேல் ஆணை என்று இன்னொரு வரி. சின்னவள் அதை எழுதியும்விட்டாள், வாசித்தும் காட்டினாள். அப்பா அந்தக் காகிதத்தை வாங்கி மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நீ போகாதன்னு எழுதினா அவ போகாம இருக்கப் போறதில்ல, நமக்கு எழுதாம இருப்பா என்றார். எனக்குக் கோபம் வந்தது. பெத்தவளுக்கு இதுகூடச் சொல்ல உரிமையில்லையா என்று கேட்டேன். அவர் உன் கடிதத்தை எடுத்து என் மடியில் வைத்தார். அதைத் திரும்பப் படித்தேன். எந்த வழி, யார் யார், எத்தனை ராத்திரி, சிறுத்தைக் காலடி, எறும்புப் புற்று வரைக்கும் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறாய். அம்மா பயப்படுவாள், எதற்கு என்று பால்காரர் சொன்னதை மட்டும் நீ விட்டிருந்தால், எங்கள் தவறு எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. நான் சலவைப் பிரிவில் சிரித்தபடியே இருந்திருப்பேன். அதனால் ஆணை எதுவும் இல்லை. சாவடியில் விசாரித்துவிட்டு, போகலாம் என்று அவர்கள் சொன்னால் போ. வேண்டாம் என்றால் நில், ஏரி எங்கும் போய்விடாது. ஆனால் என்ன ஆனாலும் எல்லாவற்றையும் எங்களுக்கு எழுது. நான் பயப்படுவேன், அழுவேன், நாலு பேரிடம் புலம்புவேன், அதைப் பார்த்து நீ எதையும் மறைக்காதே. எனக்குத் தூக்கம் கெடுவது ஒரு பெரிய விஷயம் இல்லை.

மறக்காமல் செய்ய வேண்டியது இது. போகிற வழி, உங்கள் மூன்று பேர் விவரம், தங்கும் இடம், திங்கட்கிழமை எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி நிலையத் தலைவரிடம் கொடுத்துவிட்டுப் போ. பொழுது சாய்வதற்குள் நீங்கள் வரவில்லை என்றால் ஆள் அனுப்ப வேண்டும் என்று அந்தத் தாளிலேயே எழுது. இறங்கியதும் முகம் கழுவுவதற்கு முன்னால் வயர்லெஸ் அறைக்குப் போய், சாயங்காலக் கணக்கோடு இறங்கிவிட்டோம் என்ற ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பச் சொல். அதை மட்டும் வாங்கிச் சொல்கிறேன் என்று அந்தக் குமாஸ்தா ஒப்புக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை மூன்று கணக்கு வருகிற நேரத்திலும் அப்பா அங்கேதான் இருப்பார். காலையில் இருந்தே போய் நிற்கப் போகிறார், கையோடு ஸ்டூல் கொண்டுபோகலாமா என்று இப்போதே யோசிக்கிறார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார், நான் சொல்லிவிட்டேன்.

மணி ஐந்தாகப் போகிறது. ஆறு மணிக்குத் தபால் பையைக் கட்டிவிடுவார்களாம், அப்பா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்கிறார். நீயும் உன்னோடு போகிறவர்களும் போன மாதிரியே சுகமாகத் திரும்பி வர வேண்டும், நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். அந்த இரண்டு பெண்களின் அம்மாக்களுக்கும் சேர்த்து நான்தான் வேண்டிக்கொள்கிறேன் என்று அவர்களிடம் சொல். சட்டைப் பையில் கல் எடுத்துக்கொள்ள மறக்காதே. திங்கட்கிழமை, ஒரே ஒரு சொல்.

அன்போடும் ஆசியோடும்
உன் அம்மா, அப்பா